பத்துமலையில் ஒரு சொட்டு நீர்

பத்துமலையின் 272 படிகளையும் ஏறிக் குகைக்குள் நின்றபோது உங்கள் தலையில் ஒரு சொட்டு நீர் விழுந்திருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றிச் சிந்தித்திருப்போம்?

சென்ற தவணையில் இயங்கலை வழி புவி அறிவியல் அறிமுகப் பாடம் ஒன்றைப் பயின்றேன். ‘உங்கள் ஊரிலுள்ள பாறை ஒன்றை விளக்குக’ என்பது முதல் இடுபணி. நான் பத்துமலையைத் தேர்ந்தெடுத்தேன்.

அது சுண்ணாம்புக்கல் மலை. இடைநிலைப்பள்ளியில் ஆசிரியர் ‘பத்து காப்பூர்’ என்றபோது, கற்பூரப் பாறை போலும் என்று எண்ணிக்கொண்டேன்! மலாயில் காப்பூர் என்பது சுண்ணாம்பு. கற்பூரமோ காப்பூர் பாருஸ். (பத்துமலையின் ‘பத்து’வும் எண்ணன்று, அருகில் ஓடும் பத்து ஆற்றின் பெயர்.) பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருந்த சுண்ணாம்பும் இத்தகைய கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டு, நீரில் நீற்றியதுதான் என்பது அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தப் பாறையின் வயது ஏறத்தாழ 40 கோடி ஆண்டு. அப்போது இவ்விடம் கடல். சுண்ணாம்பு ஓடுடைய கடலுயிர்களின் எச்சங்கள் அடியில் படிந்து இறுகிப் பாறையாயின. பின்னர் பூமிக்குள்ளிருந்து எழுந்த கருங்கல் குழம்பின் வெப்பத்தால் அப்பாறை பெரும்பாலும் சலவைக்கல்லாக மாறியது. ஆகவேதான் இங்கே சிப்பித் தடங்களைக் காண்பது அரிது. நம் முன்னோர் பலர் உழைத்த ஈயச் சுரங்கங்களுக்கும் அந்தக் கருங்கல்லே மூலம்.

சரி, குகை எப்படி வந்தது? மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளியைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. பாறை வெடிப்புகளில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. முட்டை ஓட்டை வினிகரில் போட்டுப் பாருங்கள், நுரைத்துக் கரையும். முட்டை ஓடும் இந்தக் கல்லும் ஒரே சேர்மம். மழைநீர் வினிகரைவிட மிக மென்மையானது, ஆனால் அதற்கு அவசரமில்லை. வெடிப்பு விரிந்து பொந்தாகி, பொந்து குகையாகிறது.

குகைக் கூரையில் சொட்டும்போது நீரிலிருந்து கரிவளி வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. அதுதான் ஆலம் விழுதுபோல் தொங்கும் கல்விழுது. இடத்துக்கு இடம் வேறுபட்டாலும், அதன் வளர்ச்சி பொதுவாக ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவே.

இடுபணிக்காகச் சென்றிருந்தபோது, கையெட்டும் உயரத்தில் ஒரு விழுது ஒடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சாயத்தால் யாரோ பெயர் எழுதியிருந்தார்கள், அதுவும் தமிழில். ஒடிந்தது ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டேன்: 2,000 ஆண்டு. இடுபணியில் அந்தக் கணக்கை எழுதினேன். அந்தப் பெயர் எந்த மொழியில் இருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை.