சிறு லேத்துப் பட்டறைக்கு உளி வாங்குதல்

வீட்டில் சிறு லேத்து வைத்துத் தொழில் செய்யும் அங்கத்தினர்கள், ஒரு பெட்டி நிறைய உளிகள் மலிவாய்க் கிடைப்பது கண்டு மயங்கலாகாது. உளியின் பெருமை எண்ணிக்கையிலன்று, எஃகின் குணத்திலேயே உள்ளது. மட்டமான உளியால் ஒரு தண்டு கெட்டால், பிறர் கொடுத்த இரும்பின் விலையும் நம் கூலியும் ஒருங்கே போம்.

சாதாரணக் கார்பன் எஃகு, சூடு சுமார் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் கடினம் குன்றி மழுங்கும். ஹைஸ்பீடு எஃகோ சுமார் 600 டிகிரி வரை கூர் தாங்கும். கார்பைடு முனை அதனினும் மிகுந்த சூடு தாங்குமாயினும், அதிர்வுள்ள சிறு லேத்தில் எளிதில் சில்லுப் பெயரும். அதைத் தீட்டத் தனிச் சாணைக்கல்லும் வேண்டும்.

ஆகையால் முதலில் ஹைஸ்பீடு எஃகுத் துண்டுகள் மூன்று நான்கும், நல்ல சாணைக்கல் ஒன்றும் வாங்குக. ஒரே துண்டைப் பலமுறை தீட்டி, வேண்டிய வடிவம் கொடுக்கலாம். பழைய சரக்கானால் ஓரத்தில் அரத்தை இழுத்துப் பார்க்க: வழுக்கினால் கொள்க, கடித்தால் விலக்குக. துளையிடும் பிட்டைக் கண்ணாடிமேல் உருட்டி, வளைவு உண்டாவென அறிக.

கடன்பட்டு முழுப் பெட்டி வாங்குவதினும், கூலி வரவரத் தேவையான உளியை ஒவ்வொன்றாய்ச் சேர்ப்பதே சிக்கனம்.