காட்சியாய் எழுதுதல்

நுழையும்முன்

எழுத்தில் ஆர்வமுள்ள மாணவர் பலருக்குத் திரைக்கதை ஆசிரியராகும் கனவு உண்டு. கவிதையும் கட்டுரையும் நன்கு எழுத வந்தால் திரைக்கதையும் வந்துவிடும் என்று கருதுவோர் மிகுதி. திரைக்கதைக்கெனத் தனியே பழகவேண்டியவை எவை என்பதைப் புதுச்சேரியோடு தொடர்புடைய இரு பெருங்கலைஞர்களை முன்வைத்து இப்பாடம் பேசுகிறது.

ஓர் இரவும் கால் நூற்றாண்டும்

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் சங்கரதாசு சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் இவ்வூரில் மறைந்தார். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் தி. க. சண்முகம் பதிவு செய்துள்ளார். எழுதத் தொடங்கும் இளைஞரை மயக்கும் செய்தி இது. ஆனால், 24ஆம் அகவையில் நாடகத்துறைக்கு வந்த சுவாமிகள் இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என வேடமிட்டு மேடையேறியவர். பின்னர் நடிகர்களைப் பயிற்றும் ஆசிரியராக விளங்கியவர். கூட்டம் எங்கே நிமிர்ந்து உட்காரும், எங்கே கொட்டாவி விடும் என்பதை நேரில் கண்டவர். அந்த ஓர் இரவுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு மேடையறிவு இருந்தது.

‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்ற நாடகக் கதைகளே தொடக்கக் காலத் தமிழ்ப் பேசும்படங்களாயின. மேடையைப் போலவே அப்படங்களும் பாட்டையும் நீண்ட உரையாடலையும் நம்பி நடந்தன.

பாவேந்தரும் திரையும்

புதுச்சேரியில் 1891இல் பிறந்த பாரதிதாசன், பிரெஞ்சு ஆட்சியின் பள்ளிகளில் தமிழாசிரியராக நெடுங்காலம் பணியாற்றி 1946இல் ஓய்வுபெற்றவர். அவர் திரைக்கும் எழுதினார் என்பதை இன்று பலர் அறியார். அவருடைய ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் காவியம் 1950இல் ‘பொன்முடி’ என்னும் படமாயிற்று. சேலம் மாடர்ன் தியேட்டர்சு அதனைத் தயாரித்தது. உரையாடலைப் பாவேந்தரே எழுதினார். இயக்கியவர் எல்லிசு ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர், தமிழ் அறியாதவர்.

இந்தக் கூட்டு எண்ணிப் பார்க்கத்தக்கது. கவிஞரின் சொல்லழகு அந்த இயக்குநரின் செவிக்கு எட்டியிருக்காது. யார் வருகிறார், எதை விரும்புகிறார், எது தடுக்கிறது என்னும் காட்சியின் எலும்புக்கூடுதான் அவருக்கு எட்டியிருக்கும். நம் திரைக்கதையை மொழி அறியாத ஒருவரிடம் ஒப்படைத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டுப் பார்ப்பது எழுதுவோர் எவருக்கும் நல்ல சோதனை.

காவியம் எழுதி முடிந்ததும் நிறைவு பெறுகிறது. திரைக்கதையோ இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடிகர், படத்தொகுப்பாளர் எனப் பலர் கைகளைக் கடந்தாக வேண்டும், பணமும் வேண்டும். ‘பாண்டியன் பரிசு’ காவியத்தைத் தாமே படமாக்கும் முயற்சியோடு பாரதிதாசன் 1961இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். படம் வெளிவரவே இல்லை. 1964இல் அவர் சென்னையிலேயே காலமானார். தமிழ்நாடு கொண்டாடிய கவிஞருக்கே இந்நிலை என்றால், இத்துறைக்கு வர விரும்புவோர் திறமையோடு பொறுமையையும் சேர்த்தே பழக வேண்டியிருக்கிறது.

சொல்லும் காட்சியும்

‘மகன் பிரான்சில் இருக்கிறான்; தாய் அவன் நினைவாகவே வாழ்கிறாள்’ என்று சிறுகதையில் எழுதலாம். ஒளிப்படக் கருவியால் ‘நினைவை’ப் படம்பிடிக்க முடியாது. அதே செய்தியைத் திரைக்கதையாக்கினால் இவ்வாறு அமையலாம்:

காட்சி 1 – வீடு – உள் – பகல்
சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் மணி பன்னிரண்டு; மற்றொன்றில் ஏழரை. முதியவள் முக்காலியில் ஏறி, இரண்டாவது கடிகாரத்தைத் துணியால் துடைக்கிறாள். பக்கத்து வீட்டுச் சிறுமி வாசலில் நின்று பார்க்கிறாள்.
சிறுமி: ஆயா, இது நாலரை மணி நேரம் பின்னால இருக்குது!
முதியவள்: இல்லம்மா. அது சரியாத்தான் ஓடுது.

பாசம், பிரிவு, ஏக்கம் ஆகிய சொற்கள் இதில் ஒன்றுகூட இல்லை. காட்சி விவரிப்பு நிகழ்காலத்தில் எழுத்துத் தமிழில் அமைகிறது. உரையாடல் அந்த ஊர்ப் பேச்சில் அமைகிறது. முறையாக வடிவமைத்த ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்பது உலகெங்கும் வழங்கும் கணக்கு. ஆகவே தேவையற்ற ஒவ்வொரு வரியும் பார்ப்பவரின் பொழுதைத் தின்கிறது.

உரையாடலைக் குறைப்பது எழுத்தாளருக்கு எளிதன்று. ‘தங்கப்பதக்கம்’ (1974) படத்தின் அனல்பறக்கும் உரையாடலால் புகழ்பெற்றவர் மகேந்திரன். அவரே புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி ‘உதிரிப்பூக்கள்’ (1979) எடுத்தபோது மௌனத்துக்கும் முகங்களுக்கும் இடம் விட்டார். தமக்குக் கைதட்டல் பெற்றுத் தந்த கருவியையே ஒதுக்கிவைக்கும் துணிவு அது.

அன்றாடப் பழக்கம்

நாள்தோறும் ஒரே நேரத்தில் அரைமணியேனும் எழுதுவது, மனம் வந்தபோது இரவெல்லாம் எழுதுவதைவிட நெடுந்தூரம் கொண்டுசெல்லும். காதைத் தீட்டுவதும் எழுத்துப்பணியே. புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால், பேரம் பேசுவோர் எவரும் தம் கருத்தை முழு வாக்கியத்தில் சொல்வதில்லை என்பது விளங்கும். கேட்டதை அன்றே குறித்துவைக்க வேண்டும். மறுநாள் சொற்கள் நம் சொற்களாகிவிடும்.

படிப்பதிலும் ஒரு முறை உண்டு. பாலு மகேந்திரா தமிழ்ச் சிறுகதைகளைத் தேர்ந்து ‘கதை நேரம்’ என்னும் தொலைக்காட்சித் தொடராக ஆக்கினார். சிறுகதையைப் படித்துவிட்டு அக்குறும்படத்தைப் பார்த்தால், எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்பது தெளிவாகும். இதைவிடச் சிறந்த பயிற்சிநூல் கிடைப்பது அரிது.

முதல் படியை எழுதி முடித்ததும் சில நாள் மூடிவைத்து, பிறகு உரத்துப் படிக்க வேண்டும். நாக்கு இடறும் இடம் திருத்தத்துக்குரிய இடம். பெரும்பாலும் காட்சியின் முதல் இரண்டு வரிகளை அடித்துவிடலாம். ‘வாங்க, உட்காருங்க, நலமா?’ என்பதை யாரும் காண வருவதில்லை. நண்பர்களை வெவ்வேறு பாத்திரங்களாகப் படிக்கச் செய்து, எழுதியவர் வாய்திறவாமல் கேட்பது இன்னும் கடினம், இன்னும் பயனுள்ளது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் படித்த சிறுகதை ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வைத் தேர்ந்து, ஒரு பக்க அளவில் உரையாடலே இல்லாத காட்சியாக எழுதுக. அதை வகுப்பில் நடித்துக் காட்டச் செய்து, கதையைப் படிக்காத மாணவர் என்ன புரிந்துகொண்டார் என்று கேட்டறிக.

2. அதே காட்சியில் மூன்று வரிகளுக்கு மிகாமல் உங்கள் ஊர்ப் பேச்சுவழக்கில் உரையாடல் சேர்த்து மீண்டும் எழுதுக.