கண்புரைச் சிகிச்சைக்குப் பின் தோன்றும் ஒளிவளையங்கள்

புக்கிட் பெருந்துங் வட்டாரத்தில் கடை நடத்தும் நம் சகோதரர்களுள் முதியோர் சிலர், கண்புரை நீக்கிக் கொண்டும் மனக்கலக்கம் தீராதிருக்கின்றனர். பகலில் பார்வை தெளிவு. இரவில் ரவாங் பாதையிலோ எதிர்வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையமும் கதிரும் தெரிகின்றன. வேறு சிலருக்குக் கண்ணின் வெளியோரத்தில் பிறைபோன்ற நிழல். சிகிச்சை பழுதாயிற்று என்று இதனால் முடிவு செய்துவிடலாகாது.

காரணம் யாது? புரை படிந்த வில்லையை அகற்றி, அவ்விடத்தில் செயற்கை வில்லை வைக்கின்றனர். 1949-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. அவ்வில்லையின் விளிம்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் வளையம் தோன்றலாம். பெரும்பாலோருக்கு மூளை சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், இதற்குப் பழகிவிடுகிறது. துணிக்கடைக்காரருக்கு நீலம் தூக்கலாகத் தெரிவதும் உண்டு. பழைய வில்லையின் மஞ்சள் நீங்கியதே அதற்குக் காரணம்.

அதுவரை இரவில் வண்டி ஓட்டாதிருப்போம். கல்லாவுக்கு எதிரே கண்ணில் அடிக்கும் விளக்கை இடம் மாற்றுவோம். தடித்த சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி ஓர நிழலைச் சிலருக்குக் குறைக்கும். நாட்பட்டுப் பார்வை மீண்டும் மங்கினால், வில்லையின் பின்சவ்வு மங்கியிருக்கலாம். அதனை லேசர் ஒளியால் சில நிமிடங்களில் சீராக்குவர்.

ஆனால் திடீர் மின்னல், கரும்புள்ளிக் கூட்டம், திரை விழுந்தாற்போன்ற மறைப்பு, நோவுடன் சிவப்பு, இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே செலாயாங் போன்ற கண் பிரிவுள்ள மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அன்றைக்குக் கடையைச் சாத்துவது நஷ்டமன்று. தாமதத்தால் கண்ணை இழப்பதே நஷ்டம்.