கசப்பு மருந்தும் அதன் மறைப்பும்

பழனிமலைத் தொடரின் வரலாற்றிற் காய்ச்சலுக்கும் ஓரிடமுண்டு. 1845-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சார்ந்தோர், சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் ஒதுங்கிக் கோடைக்கானலில் தம் முதல் இல்லங்களை எடுத்தனர். அக்காலத்தில் முறைக்காய்ச்சலுக்கு வாய்த்த மருந்து கொயினா. சிங்கோனா மரப்பட்டையினின்று 1820-இற் பிரெஞ்சு அறிஞர் இருவர் பிரித்தெடுத்த இப்பொருள், நோய் தீர்க்கும் ஆற்றலாற் போலவே கசப்பாலும் பெயர் பெற்றது.

கசப்பை நா வெறுப்பது காரணமின்றி அன்று. நஞ்சுடைய பொருள்கள் பல கசப்பனவாதலின், அவ்வெறுப்பு உயிர்க்குக் காவலாயிற்று. ஆயினும் நோயுற்ற குழவிக்கு அக்காவலே பகையாகும். உமிழப்பட்ட மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. அளவிற் குறைந்த மருந்து கிருமியை முற்றும் அழியாது விடுதலும் உண்டு.

நம் சித்த மருத்துவர் இதனை உணர்ந்தே சூரணங்களைத் தேனிற் குழைத்து அளித்தனர். பழனிமலைப் பளியர் எடுக்கும் மலைத்தேனும் அத்தகைய அனுபானமே. தேனின் இனிமை கசப்பை அடக்கும். அதன் பசைமை மருந்து நாவிற் படுதலைக் குறைக்கும்.

நிற்க, இக்காலத்து வாயிற் கரையும் மாத்திரைக்கு இவ்வுபாயம் போதாது. விழுங்க இயலாத சிறுவர்க்கும் முதியோர்க்கும் நீரின்றியே உதவும் இம்மாத்திரை, ஏறக்குறைய 30 விநாடிகளிற் கலைதல் வேண்டும் என்பது 2008-இல் அமெரிக்க மருந்து ஆணையம் வகுத்த நெறி. விரைந்து கலைவதாலேயே மருந்து முழுதும் நாவிற் படுகிறது. ஆனால் உமிழ்நீரிற் கரைந்த பொருளையே நா சுவைக்கும், கரையாததனைச் சுவையாது. இவ்வுண்மையே வழி காட்டிற்று. மருந்தின் நுண்துகள் ஒவ்வொன்றையும் மெல்லிய படலத்தாற் போர்த்துகின்றனர். புளிப்பற்ற உமிழ்நீரில் அப்படலம் கரையாது. இரைப்பையின் அமிலத்திற் கரைந்து மருந்தை விடுவிக்கும். மாவுப்பொருளினின்று ஆக்கப்படும் சைக்ளோடெக்ஸ்டிரின் என்னும் வளைய மூலக்கூற்றின் உட்குழிவில் மருந்தை ஒளித்தல் மற்றொரு முறை. துகள் பெரிதாயின் வாயில் மணல்போல் உறுத்தும். படலம் தடித்தால் மருந்து வெளிப்படத் தாழ்க்கும். இவ்விரண்டுக்கும் இடையே அளவறிதலே இக்கலையின் அருமை.

முறைக்காய்ச்சலுற்ற குழந்தைகட்கென, சிறிது நீரிற் கலைந்து செர்ரிப் பழச்சுவை தரும் ஆர்ட்டிமீத்தர்–லூமிபான்ட்ரின் மாத்திரை 2009-இல் வெளிவந்தது.

மாராவின் கசந்த நீர் மதுரமான பின்னரே இஸ்ரவேலர் பருகினர் என்பது யாத்திராகமச் செய்தி. மருந்தும் அவ்வாறே; பருகப்படாதது பயன்படாது. எனினும் இனிய மாத்திரையை மிட்டாய் என மயங்கிச் சிறுவர் மிகுதியாய் உண்ணுதல் கூடும். ஆதலின் கசப்பு நீங்கிய மருந்துக்குப் பெற்றோரே காவலாதல் வேண்டும். சிறுவர் கைக்கெட்டாத இடத்தே அதனை வைத்தல் கடனாம்.