தென்காசிக்கு குடும்பத்தோட ஷிஃப்ட் ஆகப் போறீங்களா? வாடகையைக் கடைசியா பாருங்க

2011-ல சோஹோ தென்காசி பக்கம் ஆபீஸ் திறந்ததுல இருந்தே, "ஐடி வேலைன்னா சென்னைதானா?"ங்கிற கேள்வி நம்ம ஆட்களுக்கு வந்துடுச்சு.

ஒரு பேச்சுக்கு, சென்னையில வாடகை 22,000, தென்காசியில 9,000னு வைங்க. வருஷத்துக்கு 1,56,000 ரூபாய் மிச்சம். ஆனா டிசம்பர்ல "ஆபீசுக்கு வாங்க"ன்னு மெயில் வந்தா? டிசி, நடுவருஷத்துல புது அட்மிஷன், மறுபடியும் வீட்டு அட்வான்ஸ். மிச்சம் பிடிச்சதுல பாதிக்கு மேல போயிடும், பிள்ளை படிப்பும் கெடும். வொர்க் ஃப்ரம் ஹோம் எத்தனை வருஷம்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்துல வாங்குங்க. வாங்க முடியலன்னா குடும்பத்தை நகர்த்தாதீங்க.

அடுத்து ஸ்கூல். பிள்ளை அஞ்சாவது முடிக்கிற நேரம்னா அரசுப் பள்ளியையும் நேர்ல போய் பாருங்க. ஆறாவதுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான் மருத்துவம், பொறியியல் சேர்க்கையில 7.5% உள் ஒதுக்கீடு. அரசு உதவிபெறும் பள்ளி இதுல சேராது. ஆர்டிஇ-ல படிக்காத பிள்ளை ஏழாவதுல தனியார்ல இருந்து மாறினா கிடைக்காது.

வீடு பார்க்க மார்ச், ஏப்ரல்ல போங்க. ஜூன்ல போனா குற்றாலச் சாரல்ல நனைஞ்சுக்கிட்டே அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடுவீங்க! (நானும் அப்படித்தான்.) காலையில எட்டரைக்கு, பார்த்த வீட்டுல இருந்து ஸ்கூல் வரை பைக்ல ஒரு தடவை போய்ப் பாருங்க. வேன் ஃபீஸையும் கேட்டு, அந்த 1,56,000-ல கழிச்சுக்கோங்க.