காசுப்பொறியின் கணக்கு

இல்லறத்தார் விலக்கத்தக்க ஏழு வியசனங்களுள் சூது முதலில் வைத்து எண்ணப்படுகிறது. ஏனைய ஆறுக்கும் அது வாயிலாகும் என்பது கருத்து. சூது என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கவறும் சீட்டுமே. ஆனால், சிங்கப்பூரில் பணிபுரியும் நம் பிள்ளைகளும் கோவாவுக்குச் சுற்றுலா செல்லும் இளைஞரும் காண்பது ஸ்லாட் மெஷின் எனப்படும் காசுப்பொறியை. கோவாவின் ஐந்து நட்சத்திர விடுதிகளில் இதனை வைக்க 1992ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடமளித்தது. இப்பொறி இயங்கும் முறையை நம் இல்லத்தார் அறிந்திருத்தல் நலம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்பவர் 1890களில் செய்த 'லிபர்ட்டி பெல்' என்னும் பொறியில் மூன்று உருளைகள் இருந்தன. உருளைக்குப் பத்துப் படங்கள் எனக் கொண்டால், ஆயிரம் சேர்க்கைகள் அமையும். பெரும்பரிசு ஆயிரத்தில் ஒன்று. கண்ணால் எண்ணியறியக் கூடிய கணக்கு. 1984இல் தெல்னேஸ் என்பவர் காப்புரிமை பெற்ற முறை இதனை அடியோடு மாற்றிற்று.

மாகறலில் தறி வைத்திருக்கும் குடும்பத்தார்க்கு இதனை விளக்குதல் எளிது. நாடா ஓடுவதனால் புட்டா உருவாவதில்லை. எந்த இழை எழவேண்டும் என்பதை ஜக்கார்டு அட்டையின் துளைகள் முன்னரே வகுத்துவிடுகின்றன. இப்பொறியிலும் பொத்தானை அழுத்திய நொடியிலேயே உள்ளிருக்கும் மின்னணுச் சில்லு ஓர் எண்ணைத் தேர்ந்துவிடுகிறது. உருளை சுழல்வது அம்முடிவைக் காட்டும் வேடிக்கையே. உருளையில் கண்ணுக்குத் தெரிவன 22 இடங்களாக இருக்க, சில்லு 64 எண்களை வைத்துக்கொண்டு, பெரும்பரிசுப் படத்துக்கு ஒரே ஓர் எண்ணை ஒதுக்கலாம். ஆடுபவர் தம் வாய்ப்பு 10,648இல் ஒன்று என எண்ணுவார். உண்மையில் அது 2,62,144இல் ஒன்று.

இன்னொரு தந்திரமும் உண்டு. அப்படத்தை அடுத்துள்ள வெற்றிடங்களுக்கு மிகுதியான எண்களை ஒதுக்கினால், படம் கோட்டுக்குச் சற்று மேலோ கீழோ அடிக்கடி வந்து நிற்கும். 'மயிரிழையில் தப்பிற்று, அடுத்த முறை விழும்' என்று ஆடுபவர் ஏங்குவார். பொறிக்கோ நினைவு என்பதே இல்லை. நூறு முறை தோற்றவர்க்கும் இப்பொழுது வந்து அமர்ந்தவர்க்கும் வாய்ப்பு ஒன்றே.

நூற்றுக்குத் தொண்ணூறு திருப்பித் தரும் பொறி என்றால், ரூ.1,000 கொண்டு சென்றவர் ரூ.900 உடன் மீள்வார் என்பது பொருளன்று. ஆறு நொடிக்கு ஒருமுறை ரூ.10 வைத்தால் ஒரு மணி நேரத்தில் 600 சுற்று. வைத்த தொகை ரூ.6,000. அதில் பத்து விழுக்காடாகிய ரூ.600 சராசரியாகப் பொறிக்குச் சேரும். இரண்டு மணி நேரத்துக்குள் அந்த ஆயிரம் கரைந்துவிடும்.

1968இல் தமிழக அரசு தொடங்கிய பரிசுச்சீட்டில் குலுக்கல் நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவே பல குடும்பங்களை வாட்டியதால், 2003 ஜனவரியில் லாட்டரி முழுதும் தடைசெய்யப்பட்டது. கைப்பேசியிலோ காத்திருப்பும் இல்லை, வாயிற்படி தாண்டவும் வேண்டியதில்லை. இணையச் சூதுக்கு எதிராகத் தமிழக அரசு 2022இலும் மத்திய அரசு 2025இலும் சட்டம் இயற்றின.

'பொறுப்புடன் ஆடுக' என்று சூதாட்டக் கூடங்களே எழுதி வைக்கின்றன. தொகையையும் நேரத்தையும் முன்னரே வரையறுத்தல், கடன் வாங்கி ஆடாமை, இழந்ததை மீட்கத் தொடராமை ஆகிய இவை இழப்பைக் குறைக்குமேயன்றி விழுக்காட்டை மாற்றா. ஆடாமையே நம் நெறி. எனினும், ஏற்கெனவே சிக்கியவரிடம் நெறியை மட்டும் ஓதுவதில் பயனில்லை என்பது எம் கருத்து.

சிங்கப்பூரில் 2010இல் இரு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. தம்மை உள்ளே விடவேண்டாம் என்று ஒருவர் தாமே அங்கு எழுதிக் கொடுக்கலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். மனம் தெளிந்துள்ள வேளையில், அது தடுமாறும் வேளைக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. அணுவிரதம் ஏற்றோர்க்கு இஃது புதிதன்று. பொருள் வரைதல் விரதத்தில் எல்லையைக் கடைவீதியில் நின்றுகொண்டு வகுப்பாருண்டோ?

வீட்டில் ஒருவர் இதில் சிக்கியிருப்பின், கடனை மறைவாக அடைத்துவிட்டு ஓய்ந்துவிடுதல் கூடாது. மீண்டும் ஆடக் கை ஓய்வாகிவிடும். கடன் முழுவதையும் எழுதச் செய்து, வங்கிக் கணக்கைச் சில காலம் பிறர் பொறுப்பில் வைக்கலாம். 2022இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் மனநல உதவி எண் 14416; கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.