வீடு கட்டுவோர்க்கு ஓர் இலக்கணப் பாடம்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்" என்பது எம்மவர் நாவிற் பயிலும் பழமொழி. கலியாணத்துக்குப் பொருத்தம் பார்க்கின்றோம். குடியும் குணமும் உசாவுகின்றோம். வீட்டுக்கோவெனில், நிலையம் எடுப்பதற்கும் நாள் வைப்பதற்கும் சாத்திரியாரிடம் செல்லும் நாம், அதனைக் கட்டப்போகின்றவரின் தகுதியை உசாவ மறந்துவிடுகின்றோம். அம்மறதியின் விலை யாது, இழந்ததை மீட்கும் வழி யாது என்பவற்றை மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கணம் கற்பிப்பவனுக்குச் சட்டத்தில் யாது வேலை என வினவுவோர்க்கு விடை பின்னே வரும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்புத்துறையிலுள்ள எனது சிறிய வீட்டின்மேல் ஒரு தட்டு எழுப்ப விரும்பினேன். ஆசிரியச் சம்பளத்தின்மேற் பெற்ற கடனும், கனடாவிலுள்ள தம்பி அனுப்பிய பணமுமே முதல். ஊரார் கொந்தராத்துக்காரர் என வழங்கும் ஒப்பந்தகாரர் ஒருவர் வந்தார். கண்ணாடிச் சட்டமிட்ட பதிவுச் சான்றிதழொன்றைக் காட்டி, அதன் பிரதியையும் தந்தார். முத்திரையைக் கண்டேன், கையொப்பத்தைக் கண்டேன், வாசித்திலேன். பேச்சளவிலே ஒப்பந்தம் முடிந்தது. கேட்டபோதெல்லாம் பணம் கொடுத்தேன்.

இரண்டாம் மாரியிலே பிளேற்று ஒழுகிற்று. அடுத்த மாரிக்கு முன்னரே கம்பி துருவேறி, அடிப்பூச்சு பாளமாகப் பெயர்ந்து, மகள் இருந்து படிக்கும் மேசைமீது வீழ்ந்தது. அவள் அவ்வேளை பாடசாலையில் இருந்தாள். அதனை நினைக்குந்தோறும் இன்றும் என் உள்ளம் நடுங்குகின்றது.

வந்து பார்த்த பொறியியலாளர் காரணத்தை விளக்கினார். கடலோரத்து மணலைக் கழுவாமலே சீமெந்துடன் கலந்துள்ளனர். கொங்கிறீற்றினுள்ளே கம்பியைத் துரு அணுகாது காக்கும் மெல்லிய படலம் ஒன்றுண்டு. உப்பிலுள்ள குளோரைட்டு அதனை அழித்துவிடும். துருவேறிய இரும்பு முன்னையினும் பன்மடங்கு இடங்கொள்வதாற் கொங்கிறீற்று உள்ளிருந்தே பிளக்கின்றது. உவர்நீர்க் கிணறும் உப்புக்காற்றும் உள்ள எமதூரிலே இதனை அறியாதவர் கையில் வீட்டை ஒப்புவித்தல் தகாது.

அதன் பின்னரே அச்சான்றிதழின் பிரதியை எடுத்து வாசித்தேன். தமிழாசிரியன் அறிந்த முறை ஒன்றே: எழுவாய் யாது, செயப்படுபொருள் யாது, காலம் யாது எனப் பகுத்துக் காண்டல். எழுவாயைத் தேடினேன், அங்கே இருந்தது அவருடைய மைத்துனர் பெயர். செயப்படுபொருளை நோக்கினேன்; வீதிப்பணி என்றிருந்தது, கட்டடம் என்றில்லை. காலத்தைப் பார்த்தேன், இறந்தகாலம். யாம் ஒப்பந்தம் பேசிய நாளுக்கு எட்டு மாதம் முன்னரே பதிவு முடிந்திருந்தது. ஆறாம் வகுப்பு மாணவனும் கண்டுபிடிக்கத்தக்க மூன்று பிழைகளை யான் கண்டிலேன்.

இனிச் சட்டத்தை நோக்குவோம். இலங்கையிலே 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. ஒப்பந்தகாரரைப் பதிவு செய்தலும் தரப்படுத்தலும் அதன் பணிகளாம். கட்டடம், வீதி, பாலம், நீர்வழங்கல் எனத் துறைகள் வேறு. தரங்களும் பல, சீ 9 என்பது கீழ்த்தரம், அதற்குமேல் சீ 1 வரை ஏறி, அதற்கும் அப்பாற் செல்லும். ஒவ்வொரு தரத்துக்கும் ஏற்கத்தக்க வேலையின் பெறுமதிக்கு எல்லையுண்டு. ஆகவே, பதிவுண்டா என்று கேட்டு அமைதல் போதாது. யார் பெயரில், எத்துறையில், எத்தரத்தில், எந்நாள்வரை என்று கேட்டல் வேண்டும்.

பிறர் சான்றிதழைத் தமதெனக் காட்டிப் பணம் பெறுதல், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் ஏமாற்றுதல் என்னும் குற்றமாகக் கொள்ளப்படலாம். ஆயினும், குற்றவாளி தண்டிக்கப்படுவதால் மட்டும் இழந்த பணம் கைசேராது. நட்டஈட்டுக்கு வழி குடியியல் வழக்கே. அங்கே உரோம-டச்சுச் சட்டத்தின்படி ஒப்பந்தம் இன்னது, அது மீறப்பட்டது, அதனால் இன்ன நட்டம் விளைந்தது என்று காட்டும் பாரம் வீட்டுக்காரரையே சாரும். வழக்கிடுவதற்குக் கால எல்லையும் உண்டு. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்திலமைந்த ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டு. வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்றே ஆண்டு. ஒரு தாளும் இரு கையொப்பமும் காலத்தை இருமடங்காக்குதல் காண்க.

இத்தகைய வழக்கிலே பிறநாட்டார் செய்த ஏற்பாடும் அறியத்தக்கது. ஏறக்குறையக் கி.மு. 1750இல் பாபிலோனை ஆண்ட அம்முராபி மன்னனின் சட்டம், சுவர் சரியுமாயின் கட்டியவன் தன் செலவிலேயே அதனை உறுதிப்படுத்துதல் வேண்டுமென விதித்தது. அண்டை நாடாகிய இந்தியாவிலே, வீடமைப்பும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் வரும் சேவையே என்று உயர்நீதிமன்றம் 1993இல் இலக்னோ அபிவிருத்தி அதிகார சபை வழக்கிலே தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1929 தொடக்கம் ஒப்பந்தகாரர்க்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சபை உண்டு. வேலை நடந்த காலம் முழுவதும் முறையான அனுமதிப்பத்திரம் இல்லாதவர் அங்கே கூலிக்கு வழக்கிட இயலாது. 2002 முதலாகவோ, வீட்டுக்காரர் தாம் கொடுத்த பணம் முழுவதையும் திருப்பிக் கேட்கவும் உரிமையுண்டு. செலவான பொருளின் விலையைக்கூட அதிற் கழிக்கலாகாது என 2009இல் அங்குள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இவ்வளவு கடுமையான உரிமைக்கும் ஓராண்டே எல்லை என 2020இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. வீட்டுத் திருத்த வேலைக்கு முற்பணமாக ஆயிரம் டொலர் அல்லது மொத்த விலையிற் பத்திலொரு பங்கு, இவற்றுட் குறைந்ததற்கு மேற் பெறலாகாது என்பதும் அங்குள்ள பொது விதி.

எமது நாட்டிலே அத்தகைய முழுமீட்பு உரிமையை யான் நம்பியிருக்க இயலவில்லை. மூன்றாண்டு நிறைவதற்குச் சில கிழமைகளே இருந்தன. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபையின் முன் சென்றேன். ஒப்பந்தகாரர் வந்தார்; மறுத்தார்; பின்னர் பொறியியலாளரின் அறிக்கையையும் சான்றிதழின் பிரதியையும் கண்டு தணிந்தார். யான் கொடுத்த பணத்துள் பற்றுச்சீட்டு உள்ள தொகையளவிலேயே பேச்சு நின்றது. கேட்டதில் மூன்றிலொரு பங்கைத் தவணைமுறையிற் பெற்றேன். எஞ்சியது யான் செலுத்திய கல்விக் கட்டணமென்க.

பதிவில்லாத மேசனார் எல்லாரும் பொல்லாதவர் என்று யான் கூறவில்லை. சான்றிதழ் ஏதுமின்றிச் சுண்ணாம்புச் சாந்தினால் நாற்சார் வீடு எழுப்பிய எம் முன்னோரின் கைவண்ணம் இன்றும் நிலைத்து நிற்கின்றது. அக்காலத்திலே ஊரே சான்று. பிழை செய்தவர் அடுத்த வளவிலேயே அகப்படுவார். ஊர் சிதறிய இக்காலத்தில் அச்சான்றின் இடத்தைத் தாள் ஏற்றிருக்கின்றது. பொய்த்தாள் காட்டியவரோ, பிழை வந்தபோது தேடிச் செல்லவேண்டிய வாசலையே மறைத்தவராகின்றார்.

ஆகவே, வீடு கட்டப் புகுவோர் கைக்கொள்ள வேண்டியவை இவை. சான்றிதழின் எழுவாய், செயப்படுபொருள், காலம் மூன்றையும் வாசித்து, அடையாள அட்டையோடும் அதிகார சபையின் பதிவோடும் ஒப்பிடுக. வேலையின் அளவு, பொருளின் தரம், முடிக்கும் நாள், பணம் கொடுக்கும் படிமுறை யாவற்றையும் எழுதி இருவரும் ஒப்பமிடுக. அத்திவாரம், சுவர், பிளேற்று என வேலை முடிந்த அளவுக்கே பணம் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுக. மாநகர சபையின் அனுமதி பெற்ற வரைபடத்தை வேலைத்தலத்தில் வைத்திருக்க. குறை தோன்றின், திருத்துமுன் படமெடுத்து, தகுதியுடையாரின் அறிக்கை பெற்று, பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்புக. ஆபத்துள்ள இடத்தின்கீழ் ஒருவரையும் இருக்கவிடற்க.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வார்த்தை. பெற்றோர்க்கு வீடு கட்டப் பணம் அனுப்புகின்றீர்கள், நன்று. பணத்தை அனுப்புமுன் அச்சான்றிதழின் பிரதியை அனுப்புவித்து நீங்களும் வாசியுங்கள். முதிய தந்தையார் வெட்கத்தாற் கேளாததை மகன் கேட்கலாம்.

மாணவர்காள், வாக்கியத்தைப் பகுத்துக் காணும் பயிற்சி பரீட்சைக்கு மட்டுமே உதவும் என்று எண்ணற்க. என் மகள் இப்பொழுது வேறோர் அறையிலிருந்து படிக்கின்றாள். அவ்வறையின் கூரையைப் புதுக்கியவரின் சான்றிதழை முதலில் வாசித்துப் பார்த்தவள் அவளே.